கேரம் போர்டின் மேல் பேசிய பெட்டி

சேசு மரி சூசை

பட்டினப்பாக்கம்,
ஜூன் 1999

அன்பு மகன் பிரபாகருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் நைனாவும் தங்கச்சி டயானாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறக்கிறேன். மெல்போர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது, காலையில் எழுந்தால் மூக்கு ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதை அந்த ஊரிலும் செய்யாதே. இங்கே உன் குளிரில் பாதியைப் பார்சல் கட்டி அனுப்பினால் காலில் விழுந்து வாங்கிக்கொள்வோம். நம் ஹவுசிங் போர்டு வீடு மேல் மாடி என்பதால் கத்திரி வெயிலில் கூரை காய்ந்த தோசைக்கல்லாகிவிடுகிறது, கடல் எதிரே இருந்தும் கடல் காற்று மதியம் தாண்டித்தான் வருகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருஷமும் எனக்குத் தையல் வகுப்புதான் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தே பாதி நேரம் போகிறது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்தைத் தாண்டித் தேடுவாய். போன ஞாயிற்றுக்கிழமை டயானாவின் நிச்சயதார்த்தம் கோயில் பக்கத்து ஹாலில் நல்லபடி முடிந்தது. தேதி குறித்ததைப் போன கடிதத்திலேயே எழுதினேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அனுப்பிய லேப்டாப்பால்தான் நைனாவுக்குச் சங்கடம் என்று அங்கே உட்கார்ந்து நீ வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாய். இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஜனவரியில் உன் சிநேகிதன் கையில் நீ கொடுத்தனுப்பிய அந்தப் பெட்டி வந்த பிறகு உன் நைனா எப்படி மாறிப்போனார் என்று எழுதினேன் அல்லவா. தொண்டை ஆபரேஷனில் குரலை எடுத்த பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். காற்றை விழுங்கிப் பேசும் பயிற்சிக்கும் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், ஏப்பம் மாதிரி சத்தம் வருகிறது என்று வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். கடற்கரையில் மீன் ஏலம் விட்ட மனுஷன், நொச்சிக்குப்பம் வரைக்கும் கேட்கும் குரல், அந்தக் குரல் போனதும் கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நீ அனுப்பிய பெட்டியில் எழுத்தைத் தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கிறது என்று டயானா செய்து காட்டிய அன்று, குழந்தை மாதிரி விசையெல்லாம் தட்டிப் பார்த்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் அது வெள்ளைக்காரச் சாமியார் பூசை வைப்பது மாதிரி படித்தது. வாங்க என்று அடித்தால் வேங்கே என்றது, வசந்தி என்று என் பேரை அடித்தால் வேசண்டை என்றது. மீன் என்ற சொல் மட்டும் முதல் தடவையே சுத்தமாக வந்தது, ஆங்கிலத்திலும் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதாம். எந்த எழுத்தை மாற்றி அடித்தால் எந்தச் சத்தம் வரும் என்று அப்பாவும் மகளும் உட்கார்ந்து கண்டுபிடித்து, பொங்கலுக்குப் பிறகு ஓரளவு நம் பேச்சு மாதிரியே பேசவைத்துவிட்டார்கள். எனக்கு டீ வேண்டும் என்பதைக்கூடப் பெட்டி மூலமாகத்தான் சொன்னார், நானும் அதைப் பார்த்துத்தான் இதோ போடுகிறேன் என்று பதில் சொன்னேன்.

மார்ச் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. வெயில் ஏற ஏற பெட்டி சூடாக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பேசினால் அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும், அப்புறம் திரை கறுத்துத் தானாக நின்றுவிடும், ஆறிய பிறகுதான் மறுபடி உயிர் வரும். குளிர்ப் பிரதேசத்தில் வளர்ந்த மிஷின், நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டோம். இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள். டயானா அந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று சொன்னதும், பையன் அப்பா இன்னாசி, நைனாவின் ஏலத்தில் காலமெல்லாம் மீன் எடுத்தவர் என்பதும் உனக்குத் தெரியும். வீடு நிறைய ஆட்கள், மத்தியான வெயில், நைனா பெட்டியை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லவைத்தார். வந்தவர்கள் அசந்துபோனார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் உற்சாகமாகப் பதில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் இன்னாசி, "இன்னா லூர்து அண்ணே, பொண்ண எங்களுக்குக் குடுக்க இஷ்டந்தானே?" என்று கேட்டார். நைனா ஒரு விரலால் நிதானமாக அடித்தார். பெட்டி, எம் பொண்ண உங்க வூட்டுக்குக் குடுக்க, என்று சொல்லி அதோடு நின்றுவிட்டது. திரை கறுப்பு. இன்னாசியின் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், கல்யாணம் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர், அவர், "குடுக்க... இன்னாபா? இஷ்டங்கீதா, இல்லியா? இன்னும் வெல ஏறணுமா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, நானே கொஞ்சம் சிரித்தேன். ஆனால் நைனா முகம் சுண்டிப்போனது. தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னார், பெட்டியை மூடிவிட்டார். அவர்கள் கிளம்பும்போது அந்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிச்சயத்தன்று சபையில் இப்படி ஆனால் நன்றாக இருக்காது, பெண் வீட்டு வார்த்தையை நைனாவின் அண்ணனோ வேறு யாராவதோ சொல்லட்டும் என்று தணிந்த குரலில்தான் சொன்னார். பின்னால் நின்ற நைனா காதில் அது விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் தொடவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார், சிலேட்டையும் கையில் எடுக்கவில்லை. டீ வேண்டுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். டயானா என்னிடம், "எனக்காக நைனா பேசலன்னா நிச்சயமே வேணாம்மா" என்று அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனால் மிஷினில் கோளாறு இல்லை, சூடுதான் காரணம், ஏ.சி. ரூமில் வையுங்கள் என்றார்கள். ஏ.சி.க்கு நான் எங்கே போவேன். கீழ் வீட்டுத் தங்கபுஷ்பம் மீன் விற்றுவிட்டு வரும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட இன்னா வசந்தி, காலைல புடிச்ச மீன சாய்ங்காலம் வரிக்கும் நாற வுடாம வெச்சிகினு கீறேன், இந்தப் பொட்டிய வெக்கமாட்டேனா?" என்று கூடையில் மிச்சமிருந்த ஐஸை ஒரு தாம்பாளத்தில் கொட்டிக் கொண்டுவந்தாள். மேலே பெட்டியை வைத்தோம். சில்லென்றுதான் ஆனது, நானும் சந்தோஷப்பட்டேன், அப்புறம் கையை அடியில் விட்டுப் பார்த்தால் பெட்டி வயிறு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது. அலறிப் பிடுங்கித் துண்டால் துடைத்து நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தேன், நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. வீடெல்லாம் சங்கரா மீன் வாசனை.

நைனா இதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திரும்ப மேஜைமேல் வைத்து ஓடவிட்டு, காய்ச்சல் பார்ப்பது மாதிரி அங்கங்கே தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் இடது மூலையில்தான் சூடு, அங்கே அடியில் சன்னமாக வெட்டு வெட்டாகத் துவாரம் இருக்கிறது. அப்போது அவர் எழுந்து வந்தார். அந்தத் துவாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடிக் காட்டினார், மேஜையைத் தட்டிக் காட்டினார், பிறகு தன் கழுத்தில் நான் தைத்துக் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியை விலக்கி, தான் மூச்சு விடும் ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. மேஜைமேல் தட்டையாக உட்காரவைத்தால் அது எப்படி மூச்சு விடும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் பிரபா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராக வந்து ஒன்று சொன்னது அதுதான்.

முதலில் இரண்டு தீப்பெட்டியைப் பின்பக்கம் முட்டுக் கொடுத்துப் பார்த்தோம், முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது. அப்படியானால் வழி இதுதான், தூக்கி வைக்க வேண்டும், அடியிலிருந்து காற்றும் கொடுக்க வேண்டும். பலகை தேடிப் பரணில் ஏறினபோது உன் சின்ன கேரம் போர்டு கண்ணில் பட்டது. கோபித்துக்கொள்ளாதே ராஜா, அதை அறுத்துவிட்டோம். மழைத் தண்ணீர் ஒழுகி ஒரு பக்கம் ஏற்கெனவே உப்பிப் போயிருந்தது. நல்லதாக இருந்த மூலையை மட்டும் பெட்டி அளவுக்கு வெட்டி எடுத்தோம். பிளவுஸுக்கு அளவெடுப்பது மாதிரி நான் டேப்பு வைத்துச் சாக்பீஸில் கோடு போட்டேன், ரம்பத்தை நான் பிடித்த லட்சணத்தைப் பார்த்து நைனா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மரத்தூள் அவர் கழுத்து ஓட்டையில் போய்விடக்கூடாதே என்று துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, காற்று வரும் பக்கமாக உட்காரவைத்தேன். அந்த மூலையில் காய் விழும் குழி இருக்கிறது பார், அது பெட்டியின் சூடான மூலைக்கு நேர் கீழே வருகிற மாதிரி அமைந்தது. ஓரத்துச் சட்டம் இரண்டு பக்கம் அப்படியே நின்றதால் பெட்டி வழுக்கி விழவும் வழியில்லை. குழியை மட்டும் அரம் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினோம்.

ஃபேனுக்கு நான் ரிச்சி தெரு போனேன். மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் பக்கம்தான். கையில் அறுத்த கேரம் போர்டோடு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பழைய கம்ப்யூட்டர் பிரித்து விற்கும் பீர் முஹம்மது என்பவர் கடையில், "இன்னாக்கா, காய் வாங்க வந்தீங்களா, ஸ்ட்ரைக்கர் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கிண்டலை விட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்குள் சுழலும் சின்ன ஃபேன்களில் சிலதை ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டு, சத்தம் கம்மியானதாக ஒன்று எடுத்தார். அதை ஓட்ட டேப்ரிக்கார்டருக்குப் போடுகிற மாதிரி ஒரு எலிமினேட்டரும் கொடுத்து ஒயரைச் சேர்த்தும் தந்தார். "மேல ஊதணுமா, கீழ இழுக்கணுமா?" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அவருக்கும் நிச்சயமில்லை, ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்கக்கா என்றார். வீட்டுக்கு வந்து ஃபேனைக் குழிக்கு அடியில் பொருத்தி அப்படியே செய்தோம். கீழே இழுத்தபோது பெரிதாக வித்தியாசமில்லை, திருப்பிப் போட்டு மேலே ஊதவிட்டதும் மூலையில் சூடு தணிந்தது. ஃபேன் அதிர்ந்து மேஜை கடகடவென்று ஆடியது, அதற்கு என் தேய்ந்த ஹவாய் செருப்பை வெட்டி நாலு கால் ஒட்டினேன், பின்கால் இரண்டுக்கும் ரப்பரை அடுக்கி உயரம் கொடுத்தேன். ஃபெவிகால் காயும் வரைக்கும் நைனா பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமே, டயானா ஜெபமாலை முழுவதையும் அதில் அடித்து, நடு மத்தியானத்தில் ஓடவிட்டாள். பெட்டி அருள்நிறை மரியே சொல்லச் சொல்ல, படிக்கட்டில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் வாசலில் மண்டி போட்டுவிட்டாள். "மிஷின் சொல்ற ஜெபத்துக்குப் பலன் உண்டா வசந்தி?" என்று கேட்டாள், எனக்குத் தெரியாது, சாமியாரைக் கேள் என்றேன். ஜெபமாலை முடிந்தும் பெட்டி நிற்கவில்லை. நைனா அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என் கையையும் இழுத்து வைத்தார். வெதுவெதுப்புதான். அன்றைக்குச் சாயங்காலம் அவர் அடித்த முதல் வார்த்தை, நிச்சயத்துல நாந்தான் பேசுவேன், என்பது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டத்தைக் கேட்காதே, இருந்த இரண்டு ஃபேனும் ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா, அதான் அந்த அண்ணன், பெட்டியைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் இன்னாசி எழுந்து கேட்க வேண்டியதைக் கேட்டார். நைனா தட்ட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஃபேனிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், மேஜை வெறுமையாக இருக்கிறதே என்று தங்கபுஷ்பம் ஆசையாக என் பூவேலைத் துணியை அடியில் விரித்திருக்கிறாள், அந்த நூலை ஃபேன் உள்ளே இழுக்கிறது. நைனா தட்டுவதை நிறுத்தாமல் இடது கையால் பலகையைத் தூக்கிப் பிடித்தார், நான் துணியை ஒரே இழுப்பாக உருவிவிட்டேன், ஓரம் கிழிந்தது, போகட்டும். ஃபேன் மறுபடி சீராகச் சுற்றியது. ஒரு விரலால் அடிக்கிறார் அல்லவா, நேரம் ஆனது. எல்லோரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்புறம் பெட்டி பேசியது.

"கரைல எவ்ளோ ஏலம் வுட்டேன். யார் கேட்டாங்களோ அவங்களுக்குக் குடுத்தேன். எம் பொண்ண அப்டி குடுக்கல. அவ உங்க பையனக் கேட்டா. அதனால குடுக்கறேன்."

ஒரு வார்த்தை விழுங்காமல் கடைசிவரை சொன்னது. டயானா தலையைக் குனிந்துகொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். இன்னாசி தட்டை அப்படியே யார் கையிலோ கொடுத்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்து நைனாவைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, உன் கொரல் எங்க போச்சுன்னு இருந்தேன், உள்ளதான் கீது" என்றார். பெரியப்பா பந்தி முடிந்த பிறகு பெட்டி பக்கத்தில் வந்து நின்றுகொண்டே இருந்தார், கடைசியில் கூச்சப்பட்டுக்கொண்டு தன் பேரைச் சொல்லவைக்க முடியுமா என்று கேட்டார். நைனா அடித்துச் சொல்லவைத்தார், அவர் பேரும் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் அவருக்கு ஒரே சந்தோஷம், இன்னொரு தரம் சொல்லவைத்துக் கேட்டார். பிரியாணி நன்றாக அமைந்தது. உனக்கென்று எடுத்துவைக்க முடியவில்லையே என்றுதான் எனக்கு ஒரு குறை.

கல்யாணம் ஜனவரியில் வைத்திருக்கிறது, லீவுக்கு இப்போதே சொல்லி வை. வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம், டயானாவுக்கு நல்ல கைப்பை ஒன்று வாங்கு, கறுப்பு வேண்டாம். இரவில் சாப்பிடாமல் படுக்காதே, ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் இரண்டு பிடி அரிசி போட்டுப் பொங்கிக்கொள். கோயிலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கமாட்டேன், நீயே எழுது. நைனா இப்போது பெட்டியையும் பலகையையும் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் கரைப் பக்கம் போய்வருகிறார், மணல் போய்விடும் என்று நான் கத்துகிறேன், கேட்பதில்லை. உனக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நானும் நைனாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம்.

இன்னும் ஒன்று, முக்கியமானது. மனுப் போட்டு வைத்திருந்த டெலிபோன் நேற்றுதான் வீட்டுக்கு வந்தது, நம்பர் பின்பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் நைனா எடுப்பார், ரிசீவரைப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன பேசுவது என்று இன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நீ ஹலோ சொன்ன பிறகு ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நைனா தட்டிக்கொண்டிருப்பார்.

உன் அன்பு அம்மா,
வசந்தி லூர்துசாமி